மண்டியிடும் கொடுங்கோலர்: ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் அதிகாரமும் அடிமை மனமும்

விண்வெளியைக் களமாகக் கொண்ட வீரகாவியப் படங்களைத் திருச்சபையார் இரு வகையாக நோக்குவது வழக்கம். சிலர் அவற்றைச் சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவர். வேறு சிலர் வாலிபர் முகாம்களில் அவற்றை உவமையாக எடுத்துக் கையாண்டு, ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போராட்டம் என இரண்டொரு சொற்களில் முடித்துவிடுவர். ஜார்ஜ் லூகாஸ் இயக்கி 1977-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படமும் அதனைத் தொடர்ந்தவையும் இவ்விரு வகை நோக்கிற்கும் ஆளானவையே. அவற்றில் பேசப்படும் ‘ஆற்றல்’ எனும் தத்துவம் கிறிஸ்தவக் கடவுட் கொள்கையோடு இயையுமா, அன்றி மானிகேயரின் இருமைக் கொள்கைக்கு மறுவடிவமா என்பது பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அதனை மீண்டும் கிளறுவது நமது நோக்கமன்று.

நாம் ஈண்டு ஆராய விரும்புவது இன்னும் குறுகியதொரு பொருள். அப்படங்களில் வரும் தீயோர் தமக்குள்ளே ஒருவரோடொருவர் எவ்வாறு பழகுகின்றனர்? யார் யாருக்கு முன் மண்டியிடுகின்றனர்? யார் யாருடைய கழுத்தை நெரிக்கின்றனர்? இவ்வினாவோடு 1977, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த முதல் மூன்று படங்களையும் பார்ப்போமாயின், வீரர்களின் பக்கத்தில் காணக் கிடைக்காத ஒரு நுண்மை தீயோரின் பக்கத்தில் இருப்பதைக் காணலாம். வீரர்களின் கதை நாம் பாட்டியரிடம் கேட்ட பழங்கதையே. அரசிளங்குமரி சிறைப்படுகிறாள், பட்டிக்காட்டு இளைஞன் வாளேந்தி வந்து மீட்கிறான். தீயோரின் கதையோ ஓர் அலுவலகத்தின் கதை. அங்கே மேலதிகாரி, கீழதிகாரி, பதவி உயர்வு, காலக்கெடு, மேலிடத்தின் வருகை ஆகிய யாவும் உண்டு. குருவானவர்க்கும் குருத்துவ மாணவர்க்கும் பயன்படுவது இப்பகுதியே என்பது நமது துணிபு.

படங்களைப் பாராதவர்க்காகச் சில சொற்கள். விண்மீன் மண்டலம் முழுவதையும் ஒரு பேரரசு ஆள்கிறது. பேரரசரின் வலக்கரமாக விளங்குபவன் டார்த் வேடர். கரிய கவசமும் முகமூடியும் அணிந்தவன். அக்கவசத்தின் துணையின்றி மூச்சுவிட இயலாதவன். அவனுக்கு உடலசைவு தந்தவர் டேவிட் ப்ரௌஸ். குரல் தந்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். ஒருவர் உடலும் மற்றொருவர் குரலும் சேர்ந்து ஓர் ஆளாக நடமாடிய இவ்வேற்பாடு, தன் குரலை இழந்துவிட்ட மனிதன் ஒருவனைக் காட்டுவதற்கு எத்துணைப் பொருத்தமாயிற்று! அவனைச் சூழ்ந்து நிற்பவர் சாம்பல்நிறச் சீருடை அணிந்த தளபதிகள். உடைகளை வடிவமைத்த ஜான் மோலோ, ஜெர்மானியப் படைத்துறையின் சீருடைகளை நினைவூட்டும் வண்ணம் அவற்றை அமைத்தார். எழுதும்போது வியட்நாம் போரும் குடியரசுத் தலைவர் நிக்சனும் தம் எண்ணத்தில் இருந்ததாக லூகாஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். ஆகவே பேரரசு என்பது எங்கோ தொலைவில் கற்பனையாகப் புனையப்பட்ட ஒன்றன்று.

முதற்படத்தில் ஓர் ஆலோசனைக் கூட்டம் நடைபெறுகிறது. ஒரு கோளத்தையே தூளாக்க வல்ல போர்க்கோட்டையினுள் தளபதிகள் வட்டமேசையைச் சுற்றி அமர்ந்துள்ளனர். ஆளுநர் டார்க்கின் உள்ளே நுழைந்து, பேரரசர் ஆட்சி மன்றத்தைக் கலைத்துவிட்டார் என்று அறிவிக்கிறார். அலுவலர் அமைப்பின்றிப் பேரரசர் எவ்வாறு ஆள்வார் என ஒரு தளபதி கேட்கிறார். நல்ல கேள்வி, அக்கூட்டத்தில் எழுந்த ஒரே நல்ல கேள்வியும் அதுவே. அச்சமே இனி ஒழுங்கைக் காக்கும் என்பது டார்க்கினின் விடை. அவ்விடை கோளங்களுக்கு மட்டும் உரியதன்று, அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர்க்கும் உரியது என்பது அடுத்த இரண்டு நிமிடங்களிலேயே தெளிவாகிவிடுகிறது. மோட்டி என்னும் தளபதி தங்கள் கோட்டையே அண்டத்தின் தலைசிறந்த வலிமை எனப் பெருமை பேசி, வேடர் கடைப்பிடிக்கும் பழஞ்சமயத்தையும் எள்ளி நகையாடுகிறான். வேடர் தொடாமலே அவன் தொண்டையை நெரிக்கிறான். நெரித்துக்கொண்டே, நம்பிக்கையற்ற அவனது நிலை தனக்குக் கவலை தருகிறது என்ற பொருளில் அமைதியாகப் பேசுகிறான்.

இக்காட்சியைக் கண்டு அரங்கத்தார் சிரிப்பது வழக்கம். நாமோ சற்று நின்று கருத வேண்டும். அம்மேசையில் சமயப்பற்று உடையவன் ஒருவன்தான். அவனே கழுத்தை நெரிப்பவன். மேலும், அவன் சொல்வதில் பிழை ஏதுமில்லை. பொறியின் வலிமை பெரிதன்று, அதனினும் மேலான ஒன்று உண்டு என்பதே அவனது கோட்பாடு. படத்தின் முடிவு அதனை மெய்ப்பிக்கவும் செய்கிறது. சரியான கோட்பாடு உடையவன் பிறர் தொண்டையில் கைவைத்து அதனை நிலைநாட்டுகிறான். ‘நம்பிக்கை’ என்னும் நமது அருமையான சொல் இவ்வாறுதான் முதன்முதல் அப்படங்களில் தீயோரின் வாயிலிருந்து ஒலிக்கிறது. டார்க்கின் போதும் என்று அதட்டியதும் வேடர் உடனே விட்டுவிடுகிறான். நெரித்தவனும் ஏவலனே! பின்னர் இளவரசி லெயா டார்க்கினைக் கண்டு, வேடரின் கழுத்துக் கயிற்றைப் பிடித்திருப்பவர் நீர்தாமோ என்னும் கருத்துப்பட இகழ்ந்து பேசுவது இதனாலேயே. எல்லாருக்கும் மேலான பேரரசரோ முதற்படத்தில் முகம் காட்டுவதேயில்லை. பெயர் சொல்லப்படுகிறது, அச்சம் விளைகிறது.

டார்க்கினின் முடிவையும் இங்கேயே சொல்லிவிடலாம். எதிரிகளின் தாக்குதலை ஆராய்ந்து பார்த்த அலுவலர் ஒருவர் ஆபத்து உண்டு என எச்சரித்து, தப்பிச் செல்லக் கலம் ஆயத்தம் செய்யலாமா எனக் கேட்கிறார். வெற்றிவேளையில் வெளியேறுவதா எனச் சினந்து டார்க்கின் மறுத்துவிடுகிறார். சில நிமிடங்களில் கோட்டையோடு அழிகிறார். இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இல்லாவிடினும் கெடுவான் என்று ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் திருவள்ளுவர் கூறியதை நம் மாணவர் அறிவர். இங்கே இடித்துரைக்க ஒருவர் இருந்தார். மெல்ல ஒரு முறை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அச்சத்தால் ஆளப்படும் இடத்தில் அதற்குமேல் எதிர்பார்ப்பதற்கில்லை.

இர்வின் கெர்ஷ்னர் இயக்கி 1980-இல் வெளிவந்த ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படமே நமது பொருளுக்குச் சுரங்கம் போன்றது. மூன்றினுள்ளும் சிறந்தது அதுவே என்று நாமும் கருதுகிறோம். இதில் பியட் என்னும் கப்பல் தலைவனைச் சந்திக்கிறோம். கென்னத் காலி என்ற நடிகர் ஏற்ற சிறிய வேடம். எதிரிகள் மறைந்திருக்கும் இடத்திற்கான தடயத்தைக் கண்டறிந்து பியட் கடற்படைத் தலைவன் ஓசலிடம் கூறுகிறான். ஓசல் அதைப் பொருட்படுத்தவில்லை. அருகில் நின்ற வேடர் அதை ஏற்றுக்கொண்டு படையைச் செலுத்தப் பணிக்கிறான். மேலதிகாரியைத் தாண்டிச் சென்ற கீழதிகாரியின் சொல் மேலிடத்தின் செவியில் ஏறிவிட்டது! இத்தகைய தருணங்களை அலுவலகங்களில் பணிபுரிந்தோர் நன்கு அறிவர். அன்றிலிருந்து இருவர்க்குமிடையே என்ன நிகழும் என்பதையும் அறிவர்.

பின்னர் ஓசல் கப்பல்களைத் தவறான இடத்தில் கொண்டு நிறுத்திவிடுகிறான். வேடர் தன் அறையிலிருந்தபடியே காட்சித் திரையின் வழியாக அவனை நெரிக்கிறான். ஓசல் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போதே அவனருகில் நிற்கும் பியட்டை அழைத்து அடுத்த கட்டளைகளை வழங்குகிறான். பியட் நேரே பார்த்தபடி நிற்கிறான். கண்மட்டும் ஒருமுறை பக்கவாட்டில் சென்று மீள்கிறது. ஓசல் தரையில் விழுகிறான். பியட் கடற்படைத் தலைவனாக உயர்த்தப்படுகிறான். அவன் சொல்லும் விடை நன்றி என்பதே. பிணத்தை எடுத்துச் செல்லுமாறு கையால் ஒரு சைகை, அவ்வளவுதான். ஒரு மனிதனின் சாவும் மற்றொருவனின் பதவி உயர்வும் ஒரே வாக்கியத்திற்குள் நிகழ்கின்றன. நாம் பார்த்த படங்களுள் அடிமை மனத்தின் உருவாக்கத்தை இத்துணைச் சுருக்கமாகக் காட்டிய காட்சி வேறொன்று இல்லை.

சிறிது நேரத்தில் நீடா என்னும் வேறொரு கப்பல் தலைவன் துரத்தி வந்த கலத்தைத் தவறவிடுகிறான். பழியைப் பிறர்மேல் போடாமல், முழுப் பொறுப்பையும் தானே ஏற்று, வேடரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்கப் புறப்படுகிறான். தீயோர் கூட்டத்தில் நாம் காணும் ஒரே நேர்மையான செயல் இதுவாகலாம். அடுத்த காட்சியில் அவன் வேடரின் காலடியில் பிணமாக விழுகிறான்; மன்னிப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வேடர் அமைதியாக அறிவிக்கிறான். பேரரசின் இரண்டாவது அருஞ்சொல் இது. அருகில் வந்த பியட், தேடியும் ஏதும் கிடைக்கவில்லை எனத் தெரிவித்து, கண்டுபிடித்துவிடுவோம் என உறுதி கூறுகிறான். இன்னொரு முறை தவறாதே என்பது அவனுக்குக் கிடைத்த எச்சரிக்கை. அன்றுமுதல் பியட் ஒவ்வொரு வேளையும் எண்ணி எண்ணி மூச்சுவிடுகிறான்.

மன்னரைச் சேர்ந்தொழுகுவோர் தீக்காய்வார் போல மிக அகலாமலும் மிக அணுகாமலும் இருக்கவேண்டும் என்று குறள் அறிவுறுத்துகிறது. பியட் அவ்வாறே வாழ முயல்கிறான். ஆயினும் அவனுக்கு அகலும் உரிமை இல்லை. ஒருமுறை செய்தி கூற வேடரின் அறைக்குள் நுழைகையில், கவசத்தலை பொருத்தப்படுவதற்கு முன் வேடரின் பின்தலையை, வெளிறித் தழும்பேறிய அந்தத் தசையை, அவன் ஒரு கணம் கண்டுவிடுகிறான். கண்டதும் தலை தாழ்த்துகிறான். தன் தலைவனும் புண்பட்ட மனிதனே என்னும் அறிவு பிறரிடம் இரக்கத்தையோ எதிர்ப்பையோ தோற்றுவிக்கும். பியட்டுக்கு அது காணாதது போல் இருக்கவேண்டிய மற்றொரு செய்தி மட்டுமே. கூலிக்கு வேட்டையாடுவோரை வேடர் வரவழைத்தபோது அவன் கொள்ளும் அருவருப்பையும் இதனோடு சேர்த்து எண்ணுக. மேலே அஞ்சுபவனுக்குக் கீழே இகழ்வதற்கு எவரேனும் தேவைப்படுகின்றனர்.

இந்தப் படத்தில்தான் வேடர் முதன்முதல் மண்டியிடுவதைக் காண்கிறோம். ஆளுயரத்தினும் பன்மடங்கு பெரிதாகப் பேரரசரின் முகம் ஒளியுருவாகத் தோன்றுகிறது. அதன் முன் அந்தக் கரிய உருவம் ஒரு காலை மடித்துத் தலைகவிழ்ந்து, தன் தலைவனின் விருப்பம் யாதெனப் பழைய மரியாதை நடையில் வினவுகிறது. கதையில் இக்காட்சி வைக்கப்பட்டுள்ள இடம் நோக்கத்தக்கது. ஓசலின் சாவுக்கும் நீடாவின் சாவுக்கும் இடையே இது வருகிறது. நெரித்தவன் மண்டியிடுகிறான்; மண்டியிட்டு எழுந்தவன் மீண்டும் நெரிக்கிறான்.

நம் ஆண்டவர் கூறிய உவமை ஒன்று இங்கே நினைவுக்கு வராமற் போகாது. பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் அரசன் முன் விழுந்து பணிந்தான்; வெளியே வந்ததும் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் ஊழியனைப் பிடித்துத் தொண்டையை நெரித்தான் (மத்தேயு 18:23–35). விழுந்து பணிதலும் தொண்டையை நெரித்தலும் ஒரே ஆளிடம் அடுத்தடுத்து நிகழ்வதை இயேசு பெருமான் கண்டு சொல்லியிருக்கிறார். ஆனால் உவமையில் அரசன் மன்னிக்கிறான். ஊழியன் நெரிப்பது அம்மன்னிப்புக்கு மாறான வியத்தகு முரண்பாடு. பேரரசில் மேலே மன்னிப்பு இல்லை. ஆகவே அங்கே வேடர் நெரிப்பது முரண்பாடன்று, ஒழுங்குமுறை. இவ்வுவமையைப் பிரசங்கிக்கும்போது நாம் இரண்டாவது பாதியில் மட்டும் தங்கி, ஊழியனின் கொடுமையைக் கண்டிப்பதோடு நிறுத்திவிடுகிறோம். முதற்பாதி இல்லாத ஒரு வீடு எவ்வாறிருக்கும் என்பதை இப்படம் காட்டுகிறது.

ரிச்சர்ட் மார்க்வாண்ட் இயக்கிய 1983-ஆம் ஆண்டின் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ இவ்வளவு செறிவுடையதன்று. எனினும் தொடக்கக் காட்சி ஒன்று போதும். புதிய கோட்டையின் கட்டுமானம் தாமதமாகிறது. பொறுப்பாளன் ஜெர்ஜெராட் ஆட்கள் போதவில்லை என்கிறான். பேரரசரே நேரில் வரவிருக்கிறார் என்று வேடர் கூறியதும் அவன் முகம் வெளிறுகிறது. முயற்சியை இருமடங்காக்குவோம் என்கிறான். ஆட்கள் எங்கிருந்து வருவர் என்பது அதன்பின் பேசப்படுவதில்லை. பேரரசர் தன்னைப்போல் மன்னிப்பவர் அல்லர் என்று சொல்லிவிட்டு வேடர் நடக்கிறான். மன்னிப்பு என்னும் சொல் இம்முறை முழுமையாகவே அச்சுறுத்தலாக மாறிவிடுகிறது.

பேரரசர் வந்திறங்குகிறார். இயன் மெக்டியார்மிட் என்னும் நடிகர் ஏற்ற அவ்வேடம் தள்ளாடும் கிழவனாக, கோலூன்றி வருகிறது. மண்டியிட்ட வேடரை எழச்சொல்லி, அவர் அழைக்கும் சொல் ‘நண்பனே’ என்பதாகும். இதுவே மூன்றாவது அருஞ்சொல். நமக்கு மிக முக்கியமானதும் இதுவே. யோவான் 15:15-இல் ஆண்டவர் தம் சீடரை இனி ஊழியர் என்னாமல் நண்பர் எனச் சொல்வதற்கு ஒரு காரணம் காட்டுகிறார். தலைவன் செய்வது ஊழியனுக்குத் தெரியாது. தாமோ தந்தையிடம் கேட்டதையெல்லாம் அவர்களுக்கு அறிவித்துவிட்டார். அன்பு, நெருக்கம் ஆகியவற்றோடு ஒளிவின்மையே அங்கே நட்பின் அடையாளமாக வைக்கப்படுகிறது. இவ்வளவுகோலைப் பேரரசரின் ‘நண்பன்’ மீது வைத்துப் பாருங்கள். தன் திட்டத்தை அவர் எவர்க்கும் முழுமையாகச் சொல்வதில்லை. பெரும் கப்பற்படை தாக்காமல் சும்மா நிற்கவேண்டும் எனக் கட்டளை வருகிறது. ஏன் என்று கேட்ட கீழதிகாரிக்கு, பேரரசர் ஏதோ தனியாகத் திட்டமிட்டிருக்கிறார் என்றே பியட் விடை கூறமுடிகிறது. வேடர் அழைப்பின்றி அரியணை முன் வந்தால் கப்பலிலேயே இருக்கச் சொன்னேனே எனக் கடிந்துகொள்கிறார். அவன் தன் மகன் லூக் அருகில் இருப்பதை உணர்ந்தேன் என்றால், உன் உள்ளுணர்வு தெளிவாக இருக்கிறதா என ஐயுறுகிறார். இறுதியில் அந்த மகனிடமே, உன் தந்தையைக் கொன்று அவன் இடத்தை ஏற்றுக்கொள் என்கிறார், ‘நண்பன்’ கீழே விழுந்து கிடக்கையிலேயே.

வேடரும் இதற்கு ஈடானவனே. முந்தைய படத்திலேயே தன் மகனிடம், நாம் இருவரும் சேர்ந்து பேரரசரை ஒழித்து ஆளலாம் என்று அழைப்பு விடுத்தவன் அவன். ஆக, பணிந்து நிற்பவனின் நெஞ்சில் கொலை. எழுப்பி அணைப்பவனின் நெஞ்சிலும் கொலை. பிலாத்துவை நோக்கி, இவனை விடுதலை செய்தால் நீர் இராயனுக்கு நண்பர் அல்லர் என்று கூட்டத்தார் கூவினரே (யோவான் 19:12), அந்த நட்பும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பிலாத்துவை நாம் விசுவாசப் பிரமாணத்தில் வாரந்தோறும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறோம். அவனும் ஒரு பியட் என்பதை எண்ணியதுண்டா?

இவர்கள் ஏன் விட்டு விலகுவதில்லை என்பது இயல்பாக எழும் வினா. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்து 1563-இல் இளமையிலேயே மறைந்த பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் த லா போயெசி, தாமே விரும்பி ஏற்கும் அடிமைத்தனம் பற்றிய தம் நூலில் இதனை ஆராய்ந்தார். கொடுங்கோலனைத் தாங்குவது படைக்கலமன்று. அவன் காதருகே ஐந்தாறு பேர், அவர்களைச் சார்ந்து அறுநூறு பேர், அவர்களின்கீழ் ஆறாயிரம் பேர் எனத் தொடரும் பயன்பெறுவோரின் சங்கிலியே அவனைத் தாங்குகிறது என்பது அவர் கண்ட முடிவு. ஒவ்வொருவனும் தனக்குக் கீழே ஒரு சிறு கொடுங்கோலனாக இருக்கும் உரிமையைப் பெறுவதற்காகவே மேலே அடிமையாக இருக்கச் சம்மதிக்கிறான். 2016-இல் வெளிவந்த ‘ரோக் ஒன்’ படத்தில் வரும் கிரென்னிக் இதற்குத் தெளிவான சான்று. போர்க்கோட்டையைக் கட்டி முடித்த பெருமை தனக்கே வரவேண்டும் என்று அலைந்து, பேரரசரின் பார்வைக்காக ஏங்கி, வேடரிடம் சென்று கழுத்து நெரிபட்டுத் திரும்புகிறான். இறுதியில் டார்க்கினின் கட்டளையால், தான் கட்டிய கோட்டையின் கதிருக்கே இரையாகிறான். தான் நாட்டிய மரத்திலேயே தூக்கிடப்பட்ட ஆமானை (எஸ்தர் 7:10) அறிந்தவர்க்கு இது புதிதன்று. அரசனுக்கு அடுத்த இடத்தில் இருந்தும், மொர்தெகாய் ஒருவன் எழுந்து நில்லாததால் அவனுக்கு எதுவும் இனிக்கவில்லை (5:13). அடிமை மனம் உடையவனுக்கு வணங்காத ஒரு தலை பொறுக்காது.

இவையெல்லாம் அரசவைக்கே உரியவை என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. ஜெர்மனியில் 1934-இல் அரசு ஊழியர் அனைவரும் ஹிட்லரின் பெயரால் பற்றுறுதி மொழி எடுக்கவேண்டும் என விதிக்கப்பட்டபோது, பான் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த கார்ல் பார்த், சுவிசேஷக் கிறிஸ்தவன் என்ற முறையில் தம்மால் பொறுப்பேற்க இயன்ற அளவிற்கு என ஒரு சிறு தொடரைச் சேர்க்க விரும்பினார். அத்தொடர் ஏற்கப்படவில்லை, 1935-இல் அவர் பணி இழந்தார். 1938-இல் அங்குள்ள சுவிசேஷ சபைகளின் குருமார் மீதும் அத்தகைய உறுதிமொழி சுமத்தப்பட்டது. பெரும்பான்மையோர் எடுத்தனர். அவர்கள் கொடியவர் அல்லர். குடும்பத்தாரும் குடியிருப்பும் உடையவர், திருவசனத்தையும் கற்றவர்.

நம் தமிழில் ‘அடி’ என்னும் ஒரு சொல்லிலிருந்தே அடியார், அடிமை, அடிவருடி ஆகிய மூன்றும் பிறக்கின்றன. ‘பணி’ என்பது வேலையையும் குறிக்கும், தலைதாழ்த்தலையும் குறிக்கும். ஆகவே நம் சபைகளில் எது ஊழியம், எது அடிவருடல் என்று பிரித்தறிவது மொழியளவிலேயே கடினம். கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்று கையொப்பமிட்டு விண்ணப்பம் எழுதும் ஆயர், அன்று மாலையே தம் உபதேசியாரையும் கோயிற்குட்டியையும் எவ்வாறு நடத்துகிறார் என்பதைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். நம்பிக்கை, மன்னிப்பு, நட்பு, ஊழியம் ஆகிய சொற்கள் நம் நிர்வாகக் கூட்டங்களிலும் வழங்குகின்றன. இடமாற்ற உத்தரவு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ‘உம்மேல் எனக்கு மிகுந்த நம்பிக்கை உண்டு’ என்று கூறப்படுமாயின், கேட்பவரின் கை தம்மையறியாமலே தம் தொண்டைக்குச் செல்வது இயற்கை.

இதனால் கீழ்ப்படிதலே தவறு என்று கொள்ளலாகாது. பிலிப்பியர் 2:7 கிறிஸ்து அடிமையின் உருவெடுத்தார் என்றே கூறுகிறது. அதனை மென்மையாக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் யோவான் 13-இல் ஆண்டவர் சீடரின் காலடியில் குனிவதற்கு முன், தந்தை எல்லாவற்றையும் தம் கையில் ஒப்படைத்துள்ளார் என்பதை அறிந்து எழுந்தார் என நற்செய்தியாளர் குறிக்கிறார். இழப்பதற்கு அஞ்சாதவர் குனிகிறார். வேடர் குனிவது அச்சத்தாலும் காத்திருப்பதாலும். மகன் அவனிடம் உடன்வந்துவிடு என்று மன்றாடும்போது, தன் தலைவனுக்குக் கீழ்ப்படிந்தாக வேண்டும் என்பதே அவன் தரும் விடை. கவசத்தினுள்ளிருந்து வரும் அந்தச் சோர்ந்த குரல், முதற்படத்தில் மோட்டியின் தொண்டையை நெரித்த அதே குரல்தான்.

படம் இச்சிக்கலை எவ்வாறு அவிழ்க்கிறது? தந்தையை வீழ்த்திய லூக், வெட்டுண்ட தந்தையின் பொறிக்கையையும் தன் பொறிக்கையையும் மாறிமாறிப் பார்த்து, வாளை எறிந்துவிடுகிறான். அடுத்த கொடுங்கோலனாக அமர்த்தப்படும் பதவி உயர்வை மறுக்கும் முதல் ஆள் அவனே. மூன்று படங்களிலும் உயர்ந்த கணம் இது. மகன் துடிப்பதைக் கண்டு பொறாத வேடர் பேரரசரைத் தூக்கி எறிகிறான். கண்ணீர் வரவழைக்கும் காட்சிதான். ஆயினும் அடிமை மனத்தை உடைத்தது இரத்த உறவு மட்டுமே என்பது நமக்குக் குறையாகப் படுகிறது. துடித்தவன் மகனாக இல்லாமல் மற்றொரு நீடாவாக இருந்திருப்பின்? நீடா துடித்தபோது வேடர் பொறுத்திருந்தானே. அன்றியும், ஓசலுக்கும் நீடாவுக்கும் எவரும் கண்ணீர் விடவில்லை. பியட்டின் கப்பல்மேல் ஒரு சிறு விமானம் மோதுகிறது, அவன் அழிகிறான், அரங்கம் கைதட்டுகிறது.

வீரர்களின் பக்கமும் இவ்வகையில் குற்றமற்றதன்று. அவர்கள் பக்கத்துப் பொறி மனிதர் விலைக்கு வாங்கப்படுகின்றனர், எசமான் என்று அழைக்கின்றனர். அதைப்பற்றிப் படத்தில் எவர்க்கும் கவலையில்லை. முதற்படத்தின் இறுதியில் பதக்கம் வழங்கும் விழா, 1934-இல் நாசிகளின் மாநாட்டைப் புகழ்ந்து லேனி ரீபன்ஸ்டால் எடுத்த படத்தின் அணிவகுப்பை நினைவூட்டுகிறது என்று விமர்சகர் பலர் சுட்டியுள்ளனர். கண்ணுக்கு விருந்தாகும் வரிசைகள்மேல் லூகாஸுக்கு ஒரு மயக்கம் இருந்தது போலும்.

இடைநிலையில் இருந்துகொண்டு திருந்தியவன் என்று லாண்டோ ஒருவனைச் சொல்லலாம். தன் நகரைக் காப்பதற்காக நண்பனைக் காட்டிக்கொடுத்து, வேடர் உடன்படிக்கையை மாற்றிக்கொண்டே போவதைக் கண்டு, இறுதியில் சிறைப்பட்டோரை விடுவிக்கிறான். விடுவித்ததும் நிகழ்வது என்ன? அவன் விடுவித்த சூபாக்கா அவன் கழுத்தையே பற்றி நெரிக்கிறான். நெரிக்கும் பழக்கம் அணி மாறியும் வருகிறது.

சவுல் அரசன் நோபு ஊரின் ஆசாரியரைக் கொல்லுமாறு தன்னருகில் நின்ற காவலருக்குக் கட்டளையிட்டபோது, அவர்கள் கையோங்க மறுத்துவிட்டனர் (1 சாமுவேல் 22:17). அவர்களின் பெயர் எழுதப்படவில்லை. அவர்களுக்கு அரசனோடு இரத்த உறவு இல்லை, ஆசாரியரோடும் இல்லை. தோவேக்கு முன்வந்து எண்பத்தைந்து பேரைக் கொன்றான். ஆகவே அவர்களின் மறுப்பால் ஓர் உயிரும் தப்பவில்லை. இத்தகைய ஒருவர் முதல் மூன்று படங்களிலும் இல்லை. 2015-இல் ஜே. ஜே. ஏப்ரம்ஸ் இயக்கிய ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்தில்தான் வெண்கவசம் அணிந்த படைவீரன் ஒருவன் முதன்முதல் தோன்றி, கிராமத்தாரைச் சுடச் சொன்ன கட்டளைக்குத் தன் துப்பாக்கியை உயர்த்தாமல் நிற்கிறான். பெயருக்குப் பதில் எண் மட்டும் உடையவன். முகமூடிக்குள் அவன் மூச்சு வாங்குவது நமக்குக் கேட்கிறது. முப்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த அந்த மறுப்பைப் படம் அரைமணி நேரத்திற்குள் மறந்துவிடுகிறது. தப்பியோடும் அவன், நேற்றுவரை தன்னோடு உண்டு உறங்கிய வீரர்களைத் தயக்கமின்றிச் சுட்டு வீழ்த்தி ஆரவாரம் செய்கிறான். அவ்வீரர்களுள் எவனேனும் தன்னைப்போல் அந்தக் கிராமத்தில் நடுங்கியிருக்கக்கூடும் என்னும் எண்ணம் அவனுக்கு எழவில்லை, எழுதியவர்க்கும் எழவில்லை.